தானாகவே போனவள்

மினி திரும்பி வந்த அன்று அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது வக்கீல் ஜெயச்சந்திரனின் ஆபீஸ். படியேறிய இரைப்பு அடங்குவதற்குள் மினி அதைப் பார்த்துவிட்டாள். புதுப்பெண் கம்ப்யூட்டரில் எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. நிமிர்ந்து பார்த்து, சார் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார், கேஸ் விஷயமாக வந்தீர்களா, உட்காருங்கள் என்று கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டினாள். பதினோரு வருடமாக அந்த பெஞ்சைக் காட்டி மற்றவர்களை உட்காரச் சொன்னவள் மினி. அவள் உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமல் நின்றாள்.

ஜெயச்சந்திரனைத் தொழிலாளி வக்கீல் என்றுதான் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பூவாரில் படகு ஓட்டுகிறவர்கள், வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவர்கள், துணிக்கடையில் காலையிலிருந்து இரவு வரை நிற்கிற பெண்கள் என்று யாருக்கு வேலையிடத்தில் அநியாயம் நடந்தாலும், யாராவது ஒருவர் அவர் பெயரைச் சொல்லி பஸ் ஏற்றிவிடுவார்கள். கொடுக்க வழியில்லாதவர்களிடம் அவர் ஃபீஸ் கேட்டதில்லை. முதலாளிமாரின் வக்கீல்கள் அவருடைய குறுக்கு விசாரணை என்றால் முந்தின நாளே தூக்கம் கெடுவார்கள். இதில் எதுவும் பொய்யில்லை. மினிக்கு அதனால்தான் பின்னால் கோபம் இரண்டு மடங்காக வந்தது.

வருகிறவர்கள் முதலில் மினியிடம்தான் பேசுவார்கள். வக்கீலின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால் வாய் உலர்ந்துபோகிற பெண்கள், உள்ளே ரிக்கார்டு அறையில் மினி போட்டுக் கொடுக்கிற, பால் சேர்க்காத கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். அவள் அதைக் கோர்ட்டுக்கு ஏற்ற பாஷையில் அடித்து வக்கீலிடம் கொடுப்பாள். பாறசாலைக்கு அப்புறம் ஒரு சின்னக் கிராமத்தில் அவள் வீடு. கணவன் நிஜின் பாறசாலை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான்.

அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவது போனது, கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு திருவனந்தபுரம் தொழிலாளர் கோர்ட்டுக்கு பஸ்ஸில் நின்றபடி போய் வந்த வாரத்தில். அதற்காக அவள் அப்போது யாரையும் குறை சொல்லவில்லை. மூன்றாவது தரித்தபோது டாக்டர் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மினி பயந்து பயந்துதான் வக்கீலிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பிள்ளைதான் முக்கியம், நீ போய்ப் படு, இங்கே எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மினிக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படி ஒரு மனிதனிடம் வேலை பார்க்கக் கொடுத்துவைத்தேன் என்று வீட்டில் வந்து நிஜினிடம் சொன்னாள்.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தலை நின்றதும் வருகிறேன் என்று மினி வக்கீலுக்கு வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்பினாள். அவர் ஒரு கைகூப்பிய படத்தைத் திருப்பி அனுப்பினார். சரி என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

ஜெயச்சந்திரன் கோர்ட்டிலிருந்து வந்தார். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். மினியைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளை சுகமா, பேர் போட்டாயா, யார் ஜாடை என்றெல்லாம் விசாரித்தார். உள்ளே கூட்டிப்போய் உட்காரச் சொன்னார். பிறகு மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, ஆளில்லாமல் ஆபீஸ் எப்படி ஓடும் மினி, நீயே யோசித்துப் பார், சுமி நல்ல பிள்ளை, இங்கிலீஷும் வேகமாக அடிக்கிறாள் என்றார். வேறு யாராவது வக்கீலிடம் மினிக்காகச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

"அப்பம் என்னை நிறுத்தியாச்சா சாரே?" என்று மினி கேட்டாள்.

"நிறுத்துகதா? நான் எப்பம் நிறுத்தினேன்? நீயாக்கும் போனது. நான் போவச் சொல்லல்லியே."

அந்த வாக்கியத்தை மினி எத்தனையோ தடவை அடித்திருக்கிறாள். தொழிலாளி தானாகவே வேலையை விட்டுப் போய்விட்டார், நிர்வாகம் அவரை நிறுத்தவில்லை. முதலாளிமார் கொடுக்கிற எல்லா எதிர்மனுவிலும் அது இருக்கும். அதைப் படிக்கும்போதெல்லாம் ஜெயச்சந்திரன் பேனாவால் அடிக்கோடு போட்டு, நாணங்கெட்டவன்கள் என்று மலையாளத்தில் திட்டுவார்.

"சாரே, இது அவங்க சொல்லுகதாக்கும்."

"யாரு?"

"எதிர்க்கட்சி."

அவர் முகம் கறுத்தது. ஆபீசுக்குள் கோர்ட்டுப் பேச்சு பேசாதே என்றார். பிறகு போனை எடுத்து யாரையோ அழைத்தார். மினி எழுந்து வெளியே வந்தாள். சுமி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் காரியம் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். சேச்சி என்று ஏதோ சொல்ல வந்தாள். மினி அவளைப் பார்க்காமல் படியிறங்கிவிட்டாள்.

வீட்டில் அன்று மினி மீன்சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்து அழுதது. நிஜின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, போகட்டும் விடு, நெய்யாற்றின்கரையில் வேறே வக்கீலா இல்லை என்றான். மினி சட்டியைக் கீழே வைத்தாள். போகட்டும் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே, இத்தனை வருடம் அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர்களிடம் போகட்டும் என்று சொல்லாதே என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்றாள். நிஜின் பிறகு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அவள் வக்கீல் தேடிப் போனாள். கோர்ட் வளாகத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. முதலில் பார்த்தவர், ஜெயச்சந்திரன் சாருக்கு எதிராகவா என்று கேட்டுவிட்டு சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இன்னொருவர் ஜெயச்சந்திரனின் பழைய ஜூனியர். குரு மேல் கேஸ் போட என்னால் ஆகாது என்றார். நன்றாகப் பழகிய ஒரு பெண் வக்கீல், கோர்ட் வாசலில் அவளைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். மினி அவளைப் பின்தொடர்ந்து போய், போனில் யாருமில்லை என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அப்படிச் சொன்னதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சுந்தரதாஸ் போன் செய்தார்.

சுந்தரதாஸ் முதலாளிமாரின் வக்கீல். பூவாரில் உள்ள ஒரு பெரிய ரிசார்ட்டுக்கும், டவுனில் உள்ள துணிக்கடைகளுக்கும் அவர்தான் ஆஜராவார். ஜெயச்சந்திரனுக்கும் அவருக்கும் இருபது வருடப் பகை. மினி போன அன்று சுந்தரதாஸின் ஆபீசில் ஏசி ஓடியது. மினியை எழுந்து நின்று வரவேற்றார். நடந்ததை முழுக்கக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அந்த ஆபீசில் அப்படித் தன் பேச்சை ஒருவர் பொறுமையாகக் கேட்டது மினிக்கே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு அவர் சட்டத்தைச் சொன்னார். வக்கீல் ஆபீஸ் கடையல்ல, தொழிற்சாலையுமல்ல. கடைக்காரனிடம் வேலை பார்க்கிற பெண்ணுக்கு உள்ள சட்டம் வக்கீலின் குமாஸ்தாவுக்குக் கிடையாது. பத்துப் பேர் வேலை பார்க்கிற இடமாக இருந்தால் பிரசவச் சட்டத்தையாவது பிடிக்கலாம், அங்கே நீ ஒருத்திதான். லேபர் ஆபீசுக்குப் போனாலும் கைவிரித்துவிடுவார்கள். இதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். அடுத்தவர்களுக்காக அத்தனை சட்டத்தையும் எடுத்துக் கொடுத்த மினிக்கு, தன்னுடைய நாற்காலிக்கு அடியில் சட்டம் எதுவும் இல்லை என்பது தெரியாமலே இருந்திருக்கிறது. ஜெயச்சந்திரனுக்கு அது தெரியாமலா இருக்கும்?

ஆனால் வேறு வழி உண்டு என்றார் சுந்தரதாஸ். பார் கவுன்சிலுக்கு ஒரு புகார், பத்திரிகைக்காரர்களிடம் ஒரு பேச்சு. தொழிலாளி வக்கீலின் லட்சணம் இதுதான் என்று ஊருக்குத் தெரியட்டும். செலவெல்லாம் என்னுடையது. அதோடு சின்னதாக ஒரு சத்தியவாக்குமூலம் மட்டும் வேண்டும்.

வாக்குமூலம் ரிசார்ட் கேஸைப் பற்றியது. அந்தக் கேஸ் மினிக்கு அத்துப்படி. ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிற ஆறு பெண்கள். தங்க வந்த ஒரு அம்மாளின் மாலையைக் காணோம் என்று அவர்களைத் துணி வெளுக்கிற அறைக்குள் அடைத்து, உடுத்தியிருந்ததை அவிழ்க்கச் சொல்லிச் சோதனை போட்டார்கள். மாலை அந்த அம்மாளின் பெட்டியிலேயே கிடந்தது. எங்களிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று கேட்டதற்கு ஆறு பேரையும் மறுநாள் வாசல் கேட்டுக்குள் விடவில்லை. அவர்கள் தானாகவே வேலையை விட்டுப் போனார்கள் என்று நிர்வாகம் சொன்னது. அந்த ஆறு பேரில் மூத்தவள் குமாரி. அந்த அறையில் நடந்ததை வக்கீலிடம் சொல்ல வாய் வராமல், ரிக்கார்டு அறையில் மினியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். கேஸ் இப்போது தீர்ப்புக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

அந்தச் சோதனை நடந்த கதையை ஜெயச்சந்திரனின் ஆபீசில் உட்கார்ந்து ஜோடித்தார்கள், நான்தான் அதை அடித்தேன் என்று மினி கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் என்றார் சுந்தரதாஸ். தாள் தயாராகவே இருந்தது. பேனாவின் மூடியையும் அவரே கழற்றி வைத்தார்.

எத்தனை நாளாக இந்தத் தாள் தயாராக இருந்தது, அவளுக்கு வேலை போனதை இவர் எத்தனை சந்தோஷத்தோடு கேட்டிருப்பார் என்று மினி எண்ணிப் பார்த்தாள்.

"சாரே, அவரு எனக்க வேலையத்தான் எடுத்தாரு," என்றாள். "நீங்க என்னை ஆளே இல்லாம ஆக்கப் பாக்குதீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மினி அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் பாறசாலை பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் அதில் ஏறவில்லை. பூவார் பஸ்ஸில் ஏறினாள். தனக்காக யாரையும் கேட்கப் போகவில்லை. சுந்தரதாஸுக்கு ஒரு கையெழுத்து வேண்டும், அவள் போடாவிட்டால் வேறு யாரையாவது பிடிப்பார். ஆறு பேரில் ஒருத்தியை விலைக்கு வாங்கினால் போதும். அதைக் குமாரியின் காதில் போட்டுவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவள் எண்ணம்.

குமாரி இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறாள். அன்று வேலை இல்லாததால் வீட்டில் இருந்தாள். நெய்யாறு கடலில் போய்ச் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் வீடு. மினி விஷயத்தைச் சொல்லி முடித்ததும் குமாரி முதலில் கேட்டது, நீ எதற்கு அந்த ஆள் ஆபீசுக்குப் போனாய் என்று. அப்புறம் மறைக்க முடியவில்லை. எல்லாம் வெளியே வந்துவிட்டது. குமாரி போன் செய்ய, மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள்.

ராஜபாய்தான் முதலில் வாய் திறந்தாள். அவர்களில் வாய்த்துடுக்கானவள் அவள்.

"மினி சொல்லுகது சரிதான், இல்லேன்னு சொல்லல்ல. ஆனா நமக்கு இப்பம் தீர்ப்பு வரப்போவுது. இந்த நேரத்துல சாருக்க கூடச் சண்டைக்குப் போனா நம்ம காரியம் என்ன ஆவும்?"

யாரும் அவளை மறுத்துப் பேசவில்லை. ஒருத்தி தரையைப் பார்த்தாள். ஒருத்தி, சாருக்கு வேறே ஏதாவது சங்கடம் இருக்கும், அவர் அப்படிப்பட்ட ஆளில்லை என்றாள். நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்ல வந்தேன், சொல்லியாயிற்று என்று மினி எழுந்தாள். குமாரி பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு மினி அழுதாள். துக்கத்தில் வந்த அழுகையல்ல அது. இவர்களுக்காகவா அந்தத் தாளைக் கிழித்தேன் என்று ஒரு நினைப்பு வந்தது. கையெழுத்தைப் போட்டுத் தொலைத்திருக்கலாம் என்றும் வந்தது. அந்த நினைப்பை அவள் விரட்டவில்லை. பாறசாலை வரும்வரை அதை வைத்துக்கொண்டே வந்தாள். இறங்கியபோது நிஜின் ஆட்டோவோடு நின்றிருந்தான். குழந்தை பால் குடிக்காமல் அடம்பிடிக்கிறது என்றான். மார்பு கனத்து ரவிக்கை நனைந்திருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் குமாரி போனில் அழைத்தாள்.

"மக்கா, திங்கக்கிழம காலைல சாருக்க ஆபீசுக்கு வா. பிள்ளையையும் எடுத்துட்டு வா."

"என்னத்துக்கு அக்கா?"

"வா. நாங்க அங்க உண்டு."

மினி போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். நிஜின்தான், கூப்பிட்டவர்கள் காரணமில்லாமல் கூப்பிட மாட்டார்கள் என்று ஆட்டோவை எடுத்தான். குழந்தையைத் துணியில் பொதிந்துகொண்டு அவள் மாடியேறியபோது, ஆறு பெண்களும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் நல்ல புடவை கட்டியிருந்தார்கள். சுவரோரம் வேறு சில கட்சிக்காரர்களும் நின்றார்கள். வெள்ளறடை ரப்பர் தோட்டத்திலிருந்து நிறுத்தப்பட்ட சோமன் என்கிற பெரியவரும் அவர்களில் ஒருவர். சுமி பயந்துபோய்க் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தாள். குமாரி நகர்ந்து மினிக்கு இடம் கொடுத்தாள்.

ஜெயச்சந்திரன் வந்தார். பெண்களைப் பார்த்ததும், தீர்ப்புத் தேதி இன்னும் வரவில்லையே என்றார். அப்புறம்தான் நடுவில் உட்கார்ந்திருக்கிற மினியைப் பார்த்தார்.

குமாரி எழுந்து நின்றாள். அவள் சாதாரணமாகவே மெதுவாகப் பேசுகிறவள். கோர்ட்டில் சாட்சி சொல்லும்போதுகூட ஜட்ஜி இரண்டு முறை உரக்கப் பேசச் சொன்னார். அன்று தணிந்த குரலில்தான் பேசினாள், ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது.

"சாரே, நாங்க வக்கீலை மாத்த வரல்ல. நம்ம கேசு நீங்கதான் நடத்தணும். ஆனா மினிக்கு நீங்க பதில் சொல்லணும். சொல்லாம நாங்க இந்த பெஞ்சுல இருந்து எழும்பல்ல."

இது ஆபீசுக்குள்ளே உள்ள காரியம், உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் அவர். யாரும் எழும்பவில்லை. உள்ளே வாருங்கள், தனியாகப் பேசலாம் என்றார். அதற்கும் யாரும் அசையவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. உங்களுக்காக நான் எவ்வளவு செய்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். ரிசார்ட்காரன் கொடுக்க வந்த சமரசத்தை வேண்டாமென்று சொன்னது யார், லேபர் ஆபீசரிடம் சண்டை போட்டது யார் என்று அடுக்கினார். பெண்கள் தலையாட்டினார்கள். எல்லாம் உண்மைதானே.

"அதெல்லாம் நீங்க செஞ்சதுதான், நாங்க மறக்கல்ல," என்றாள் ராஜபாய். அவள்தான் பூவாரில் வேண்டாமென்று சொன்னவள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, உன் முகமே கண்ணில் நின்றது என்று பின்னால் மினியிடம் சொன்னாள். "அங்க மினி தனக்க கையெழுத்தை வித்திருந்தா எங்க கதி என்ன சாரே? அவ விக்கல்ல. அதுக்கு அவளுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"

ஜெயச்சந்திரனுக்குப் புரியவில்லை. அப்போதுதான் சுந்தரதாஸின் தாளைப் பற்றி மினி சொன்னாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர் மெதுவாக நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். சட்டப்படி பார்த்தால் என்று தொடங்கினார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சுவரோரம் நின்ற சோமன் தன் கேஸ் கட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

"சரி," என்றார் ஜெயச்சந்திரன். "மினி நாளை முதல் வரட்டும். சுமி, நீ இந்த மாசத்தோட நின்னுக்கோ."

சுமியின் முகம் வெளுத்தது. அவள் பையை எடுக்க மேஜைக்கு அடியில் குனிந்தாள். அந்தக் குனிதலைப் பார்த்ததும் மினிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்தது.

"அவளை எதுக்கு நிறுத்துதீங்க?" என்று கத்தினாள். குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. மினி அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். "ஒருத்திய எடுத்து ஒருத்திய வைக்கதுக்கு நாங்க என்ன பாத்திரமா? அவ என்ன தப்பு செஞ்சா? நாளைக்கு அவளும் தானா போனவன்னு சொல்லுவீங்களா?"

இரண்டு பேரை வைத்துச் சம்பளம் கொடுக்க என்னால் எப்படி முடியும் என்றார் அவர்.

"அது உங்களுக்க காரியம். ரிசார்ட்காரன் இதைச் சொல்லும்பம் நீங்க என்ன சொல்லுவீங்களோ, அதை உங்களுக்கே சொல்லிக்கிடுங்க."

மினி குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் தானா போகல்ல, நீங்களாக்கும் நிறுத்தினது. அதை இவங்களுக்க முன்ன சொல்லுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. எவ்வளவோ பேரைக் கூண்டில் நிறுத்தி இந்த மாதிரி ஒரு வார்த்தையை வாயிலிருந்து பிடுங்கியவர் அவர். அவர் முகத்தைப் பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. மினி பரிதாபப்படவில்லை.

"நானாக்கும் நிறுத்தினது," என்றார். பிறகு யாரும் கேட்காமலே, "அது தப்பு," என்றும் சொன்னார்.

ராஜபாய்க்கு அழுகை வந்துவிட்டது. குமாரி பெஞ்சிலிருந்து எழுந்தாள், கூடவே மற்றவர்களும் எழுந்தார்கள். போகிற வழியில் குமாரி மட்டும் வக்கீலிடம், நாங்கள் வருகிறோம் சாரே, தீர்ப்பு வந்தால் போன் செய்யுங்கள் என்றாள். பழையபடி மரியாதையாகத்தான் சொன்னாள்.

மினி மறுநாள் வேலைக்கு வந்தாள். வந்ததும் தனக்கும் சுமிக்கும் நியமனக் கடிதம் அடித்து, விடுமுறை, பிரசவ காலம் எல்லாம் அதில் போட்டு, அவர் மேஜைமேல் வைத்தாள். பதினோரு வருடத்தில் அவளுக்கு அப்படி ஒரு தாள் இருந்ததில்லை. மாலை வரை அது அங்கேயே கிடந்தது. ஆபீஸை விட்டுப் போகும்போது அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

ரிசார்ட் கேஸில் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சோதனை நடந்தது உண்மை என்றும், ஆறு பேரையும் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்றும் கோர்ட் சொன்னது. நிர்வாகம் ஹைகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. குமாரி இன்னமும் மண்டபத்தில் பாத்திரம்தான் கழுவுகிறாள். தடையை நீக்க ஜெயச்சந்திரன் எர்ணாகுளத்துக்கு ரயிலில் போய் வந்துகொண்டிருக்கிறார். அந்த மனுவை மினிதான் அடித்தாள். அவர் நன்றாக வாதாடுகிறார் என்று சொன்னார்கள். மினி அதை நம்பினாள்.

ஆனால் அவர்கள் இருவரும் பழையபடி பேசிக்கொள்வதில்லை. வேண்டியதைச் சுமியிடம் சொல்லுவார், சுமி வந்து சொல்லுவாள். அவர் உள்ளே வரும்போது சுமி எழுந்து நிற்பாள். மினி எழுந்திருப்பதில்லை. அதைப் பார்த்துப் பழைய ஜூனியர் ஒருவர், இவ்வளவு ஆன பிறகும் என்ன கோபம், அவர்தான் ஒத்துக்கொண்டாரே என்று அவளிடம் கேட்டார். பெஞ்சில் ஆறு பேர் இருந்ததால் ஒத்துக்கொண்டார், நான் தனியாக நின்று கேட்டபோது ஒத்துக்கொள்ளவில்லையே என்று மினி பதில் சொன்னாள்.

மத்தியானம் நிஜின் ஆட்டோவில் குழந்தையைக் கொண்டுவருவான். மினி ரிக்கார்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுப்பாள். ஒருநாள் ஜெயச்சந்திரனுக்கு அவசரமாக ஒரு பழைய கட்டு வேண்டியிருந்தது. கோர்ட் கூடுகிற நேரம். அவர் வந்து கதவைத் தட்டினார்.

"பிள்ள பால் குடிக்குது," என்றாள் மினி உள்ளேயிருந்து.

வெளியே சத்தமில்லை. அவர் போகவும் இல்லை. கதவுக்கு அப்பால் கோட்டைப் போட்டுக்கொண்டு, அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பதை அவளால் பார்க்காமலே காண முடிந்தது. குழந்தை ஒரு கையால் அவளுடைய சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தது. மினி அதை அவசரப்படுத்தவில்லை. மறுபக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள்.